கடைசி இடத்து ஐஸ் ஹாக்கி அணியை டிராஃப்ட் வழியாகத் திரும்பக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் மேலாளர் லீக் ஒன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். ஆளுக்கொரு என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி. நிஜ லீக்கின் ஒப்பந்த விதி, அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு, டிராஃப்ட் (இளம் வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) எல்லாம் எங்களுக்கும் அப்படியே பொருந்தும். பணமும் பனித்தளமும் மட்டும்தான் கிடையாது. என் பங்குக்கு வந்தது கடைசி இடத்து அணி. அதைத் தூக்கி நிறுத்த ஐந்து சீசன் பிடித்தது. அதில் இரண்டு சீசன், படிகளை வரிசை மாற்றிச் செய்ததால் வீணாய்ப் போனவை.

புதிதாக வருகிறவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எடுத்த எடுப்பில் டிராஃப்டுக்குப் போய்விடுகிறார்கள். இங்கே டிராஃப்ட் ஐந்தாவது படி. அதற்கு முந்தைய நான்கையும் செய்யாதவர் கையில், நல்ல பிக் (டிராஃப்டில் தேர்ந்தெடுக்கும் முறை) கிடைத்தாலும் தங்காது.

உதாரணங்களுக்குப் பெரும்பாலும் மாண்ட்ரியால் கனடியன்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2021-22 சீசனில் லீக்கிலேயே கடைசியாக வந்த அணி, 2025 வசந்தத்தில் ப்ளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) இருந்தது. நடுவே நடந்த ஒவ்வொரு டிரேடையும் (அணிகளுக்கிடையே வீரர், பிக் மாற்றிக்கொள்வது) தொடர்ந்து பார்க்க முடியும் என்பதால் பாடத்துக்கு வசதி.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு அட்டவணை. ஒவ்வொரு வீரரின் வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, சம்பளம், டிரேடை மறுக்கும் உரிமை உண்டா என்ற நான்கு கட்டங்கள் போதும். கோல் எண்ணிக்கை இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவது, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உங்களிடம் எந்தெந்த டிராஃப்ட் பிக் இருக்கிறது என்ற பட்டியல். முந்தைய மேலாளர் எதை விற்றுவிட்டுப் போனார் என்று பார்க்காமலே தொடங்கி, முதல் சுற்றுப் பிக் இல்லாமல் கடைசி இடத்துக்கு இறங்கியவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சில எண்கள். டிராஃப்டில் 7 சுற்று, 32 அணி, மொத்தம் 224 பிக். ஒரு அணி ஒரே நேரத்தில் அதிகபட்சம் 50 ஒப்பந்தங்கள்தான் வைத்திருக்கலாம். 2025-26க்கான சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் டாலர். வீரர் 27 வயதை எட்டியதும், அல்லது 7 சீசன் முடித்ததும், எந்த அணிக்கும் போகும் சுதந்திரம் பெறுகிறார். இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பணம் கொடுத்து ஆளைத் தூக்க முடியாது. 18 வயதுப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிக்கு முன்வரிசை. அந்த முறைக்குப் பெயர்தான் பிக். அதை விற்கலாம், வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.

1. எந்த ஆண்டு வெல்லப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

இப்போதிலிருந்து நான்காவது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் ஒவ்வொருவர் வயதோடும் நான்கைக் கூட்டுங்கள். 24 வயதுக்காரர் 28 ஆவார்; இருக்கட்டும். 29 வயதுக்காரர் 33 ஆவார், விற்க வேண்டியவர். தாக்குதல் வீரர்கள் பொதுவாக இருபதுகளின் நடுவிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள். டிஃபென்ஸ்மேன்களுக்கு (தடுப்பு வீரர்கள்) கொஞ்சம் தாமதம், கோல்கீப்பர்களுக்கு இன்னும் தாமதம்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு டிரேடையும் தனித்தனியாக, அன்றைய மனநிலையில் முடிவு செய்வீர்கள். நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும் 31 வயதுக்காரரை விற்க மனம் வராது. அப்புறம் அணி நடுவில் மாட்டிக்கொள்ளும்: ப்ளேஆஃபும் இல்லை, நல்ல பிக்கும் இல்லை. அரைக்கிணறு தாண்டிய கதை.

2. விற்பனை: சீக்கிரம், சரியான மாதத்தில்

விற்பனைக்கு மூன்று காலம் உண்டு. மார்ச் தொடக்கத்தில் வரும் டிரேடு கெடு, ஜூன் கடைசியில் வரும் டிராஃப்ட் வாரம், ஜூலை 1க்குப் பிந்தைய சில நாட்கள். ஒப்பந்தம் முடியப்போகிற வீரரை மார்ச்சில் விற்றாக வேண்டும். கோடையில் அவர் சும்மாவே கிளம்பிவிடுவார், கையில் ஒன்றும் மிஞ்சாது.

மாண்ட்ரியால் 2022 மார்ச்சில் பென் ஷரோட்டை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பியது. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடியவிருந்த டிஃபென்ஸ்மேன். அவருக்கு ஈடாக 2023ஆம் ஆண்டின் முதல் சுற்றுப் பிக், ஒரு நான்காம் சுற்றுப் பிக், ஒரு இளம் வீரர் கிடைத்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு டைலர் டொஃபோலி கால்கரிக்குப் போனார். அவருக்கும் ஒரு முதல் சுற்றுப் பிக், கூடவே எமில் ஹைனமன் என்ற ஸ்வீடன் பையன். ஹைனமன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் படியில் மறுபடி வருவார்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, "முதல் சுற்று" என்ற சொல்லில் மயங்குவது. உங்கள் வீரரை வாங்குகிற அணி பெரும்பாலும் நல்ல அணி. அதன் பிக் கடைசியில்தான் வரும். ஃப்ளோரிடா அடுத்த ஆண்டு இறுதிச்சுற்று வரை போனதால் அந்தப் பிக் 31ஆவது இடத்தில் வந்து விழுந்தது. ஒன்றும் கிடைக்காததற்கு அது பரவாயில்லை. ஆனால் முதல் ஐந்துக்குள் வரும் பிக்கோடு அதை ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தன்னை நல்ல அணி என்று தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் அணியிடமிருந்து, ஒரு ஆண்டு தள்ளிய பிக்கை வாங்குவதுதான் இந்த வேலையிலேயே லாபமான காரியம். கொலராடோ 2017 நவம்பரில் மேட் டுஷேனை விற்றபோது ஒட்டாவாவின் முதல் சுற்றுப் பிக் வந்தது. ஒட்டாவா 2018ஆம் ஆண்டுப் பிக்கைத் தானே வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுப் பிக்கைக் கொடுத்தது. 2018-19இல் ஒட்டாவா கடைசி இடத்துக்குச் சரிந்தது. கொலராடோ கைக்கு 4ஆவது பிக் வந்தது. போவன் பைராமை எடுத்தார்கள். 2022இல் கோப்பை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

3. உச்சவரம்பில் காலி இடமும் விற்பனைச் சரக்குதான்

விலையுயர்ந்தவர்களை விற்றபின் சம்பளப் பட்டியலில் பெரிய ஓட்டை விழும். புதியவர்கள் உடனே அதை அடைக்கப் பார்ப்பார்கள். அடைக்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள்.

2022 ஆகஸ்டில் கால்கரிக்கு நாசெம் கட்ரியை ஒப்பந்தம் செய்ய இடம் தேவைப்பட்டது. காயத்தால் தேய்ந்திருந்த ஷான் மோனஹனின் சம்பளம் 6.375 மில்லியன். அவரை எடுத்துக்கொள்ள மாண்ட்ரியால் ஒன்றும் கொடுக்கவில்லை; மாறாக, ஒரு முதல் சுற்றுப் பிக்கைக் கூடவே வாங்கிக்கொண்டது. அதோடு முடியவில்லை. மோனஹன் உடம்பு தேறி ஆடத் தொடங்கியதும், 2024 பிப்ரவரியில் அவரை வினிபெக்குக்கு விற்று இன்னொரு முதல் சுற்றுப் பிக்கும் வாங்கினார்கள். ஒரே ஆள், இரண்டு பிக்!

விற்கும்போது இன்னொரு வழியும் இருக்கிறது. போகிற வீரரின் சம்பளத்தில் பாதி வரை நீங்களே ஏற்கலாம், விலை கூடும். ஆனால் ஒரு அணி ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் இப்படிச் சுமக்க முடியாது. நான் முதல் கோடையிலேயே மூன்றையும் சில்லறை ஆட்களுக்குச் செலவழித்துவிட்டேன். மார்ச்சில் உண்மையான வாங்குநர் வந்தபோது கை காலி.

4. லாட்டரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

கடைசி இடத்தில் முடித்தால் முதல் பிக் உறுதி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் பிக் யாருக்கு என்பது லாட்டரிக் குலுக்கலில் முடிவாகும். இப்போதைய விதியில் கடைசி அணிக்கு அது விழும் வாய்ப்பு 25.5 சதவீதம். நான்கில் மூன்று முறை கிடைக்காது என்று படியுங்கள். மிஞ்சிப்போனால் மூன்றாவது இடம் வரை இறங்கலாம். குலுக்கலில் வென்ற அணி பத்து இடத்துக்கு மேல் தாவ முடியாது. ஐந்து ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் வெல்லவும் முடியாது.

முன்பு இதைவிட மோசம். நான்காவது வரை இறங்கலாம், இறங்கியும் இருக்கிறார்கள். டெட்ராய்ட் 2019-20இல் மற்ற எல்லோரையும்விட வெகுதூரம் பின்தங்கிக் கடைசியாக வந்தது. கிடைத்தது 4ஆவது பிக், லூகாஸ் ரேமண்ட். கொலராடோ 2016-17இல் வெறும் 48 புள்ளி எடுத்தது. அதற்கும் 4ஆவது பிக்தான். அந்தப் பிக்கில் எடுத்த கேல் மகார், அவருக்கு முன் போன மூவரையும் மறக்கடித்துவிட்டார்.

ஆகவே திட்டத்தில் உங்கள் பிக்கை எப்போதும் இரண்டு இடம் கீழே வைத்து எழுதுங்கள். முதல் பிக் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் திட்டம் குலையாது.

5. டிராஃப்ட் மேசை

சரி, இப்போது டிராஃப்ட். தேர்வு நாளுக்கு முன்பே உங்கள் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். 1, 2, 3 என்று வரிசை எண் போடுவதைவிட, கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள்: இந்த மூவர் ஒரே தரம், அடுத்த ஆறு பேர் ஒரே தரம். உங்கள் முறை வரும்போது ஒரே தரத்தில் ஐந்து பேர் மீதமிருந்தால், இரண்டு மூன்று இடம் கீழே இறங்கி ஒரு கூடுதல் பிக் வாங்கலாம். தரத்தில் கடைசி ஆள்தான் மிச்சம் என்றால் அசையாமல் அவரை எடுங்கள்.

தேவைக்கு எடுக்காதீர்கள். "எங்களிடம் சென்டர் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்) இல்லை, அதனால் சென்டர்" என்பது 18 வயதுப் பையன்களிடம் செல்லாது. அவர் ஆளாக மூன்று நான்கு ஆண்டு ஆகும், அதற்குள் உங்கள் தேவை மாறியிருக்கும். மாண்ட்ரியால் 2018இல் 3ஆவது பிக்கில் எடுத்தது யெஸ்பெரி கொட்கானியெமியை. அணி பல காலமாகத் தேடிவந்த சென்டர். அடுத்த பிக்கில் பிரேடி கச்சக் போனார், 7ஆவதில் குவின் ஹியூஸ்.

பிறந்த தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 15க்குள் 18 நிரம்பினால் அந்த ஆண்டு டிராஃப்ட். இல்லையேல் அடுத்த ஆண்டு. ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, 2016இல் முதலாவதாக வந்தார். ஒரே டிராஃப்டில் இருவருக்கிடையே கிட்டத்தட்ட ஒரு வயது இடைவெளி இருக்கலாம். பதினேழு பதினெட்டு வயதில் அது பெரிய வித்தியாசம். ஒரே புள்ளி (அடித்த கோலும் உதவிய கோலும் சேர்ந்த எண்ணிக்கை) எடுத்த இருவரில் இளையவரே எனக்கு மேல்.

புள்ளிகளையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஸ்வீடனில் பெரியவர்களோடு ஆடி எடுத்த 15 புள்ளி, கனடிய ஜூனியர் லீக்கில் எடுத்த 60ஐவிடக் கனமாக இருக்கலாம். அங்கே அவருக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

கோல்கீப்பரை முதல் சுற்றில் எடுக்க எனக்குக் கை வராது. அவர்கள் வளர ஐந்தாறு ஆண்டு ஆகிறது, யார் தேறுவார்கள் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கானர் ஹெல்லபக் 2012இல் 130ஆவது. இகோர் ஷெஸ்டெர்கின் 2014இல் 118ஆவது. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000இல் 205ஆவது. அதே 2000இல் முதல் பிக்காகப் போனவரும் கோல்கீப்பர்தான், ரிக் டிபியெட்ரோ. காயங்களால் அவர் ஆட்ட வாழ்க்கை குலைந்தது. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு ஆண்டுக்கொரு கோல்கீப்பர் எடுத்து வாருங்கள், போதும்.

பிந்தைய சுற்றுகளில் "எல்லாம் சுமாராக இருக்கிறது" என்ற பையன் வேண்டாம். ஒரே ஒரு திறமையாவது பெரிய லீக்குக்குத் தேறும்படி இருக்கட்டும். குறை ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். லேன் ஹட்சன் குள்ளம் என்று 2022இல் எல்லோரும் தயங்கினார்கள். மாண்ட்ரியால் 62ஆவதில் எடுத்தது. 2024-25இல் 66 புள்ளியோடு சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு. டாம்பா பேயின் அடித்தளமும் அப்படித்தான்: நிகிதா குச்செரோவ் 58, பிரேடன் பாயின்ட் 79, ஆன்ட்ரே பலாட் 208.

கடைசியாக, எடுத்த பையன் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் ஆள். கட்டர் கோத்தியே 2022இல் ஃபிலடெல்ஃபியாவின் 5ஆவது பிக். வரமாட்டேன் என்று நின்றதால், 2024 ஜனவரியில் அனஹைமுக்கு டிரேடு செய்ய வேண்டியதாயிற்று. உரிமை காலாவதியாகும் தேதியை அட்டவணையில் சிவப்பில் எழுதுங்கள்.

6. எங்கே ஆடவிடுவது

அதிகம் பாழாவது இந்தப் படியில்தான். அணி தோற்றுக்கொண்டிருக்கிறது, எடுத்த பையன் பெயர் ஊரெல்லாம் அடிபடுகிறது, இறக்கிவிடலாமே என்று தோன்றும். தடியால் அடித்துக் கனியாது.

கொட்கானியெமியை 18 வயதிலேயே இறக்கினார்கள். முதல் சீசன் 79 ஆட்டத்தில் 34 புள்ளி; பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சீசனிலேயே கீழ் லீக்குக்கு இறக்க வேண்டிவந்தது. 2021இல் கரோலினா அதிகச் சம்பளம் காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டது.

டெட்ராய்ட் செய்தது நேர்மாறு. 2019இல் 6ஆவது பிக்காக எடுத்த மோரிட்ஸ் சைடரை ஒரு ஆண்டு ஏ.எச்.எல்.லில் (என்.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ் லீக்) வைத்தது. அடுத்த ஆண்டு ஸ்வீடனில் பெரியவர்களோடு ஆடவிட்டது. மூன்றாம் ஆண்டு மேலே வந்தார், அந்த ஆண்டே கால்டர் விருது. மகாரும் டிராஃப்டுக்குப் பின் இரண்டு ஆண்டு கல்லூரியிலேயே ஆடிவிட்டுத்தான் கொலராடோவுக்கு வந்தார்.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வழிகள் திறக்கும், மூடும். கனடிய ஜூனியர் லீக்கில் எடுத்த பையனை 20 வயதுக்கு முன் ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது, ஒன்று என்.எச்.எல்., அல்லது திரும்ப ஜூனியர். சிகாகோவின் கெவின் கோர்ச்சின்ஸ்கி 19 வயதில் இந்த இடுக்கில் மாட்டினார். ஜூனியர் அவருக்கு எளிது, என்.எச்.எல். கடினம். கிட்டத்தட்ட ஒரு முழு சீசன் மேலே அடிபட்டுவிட்டு, மறு சீசன் ஏ.எச்.எல்.லுக்குப் போனார். 2026-27 முதல் அணிக்கு ஒரு 19 வயதுக்காரரை மட்டும் கீழே அனுப்ப விதி இடம் கொடுக்கிறது.

ஒன்பது ஆட்டச் சோதனை ஒன்று உண்டு. 18, 19 வயதில் ஒப்பந்தமானவர் என்.எச்.எல்.லில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால், மூன்று ஆண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் அந்த ஆண்டு கணக்கில் சேராது, ஒப்பந்தம் ஒரு ஆண்டு தள்ளிப்போகும். அதனால் ஒன்பது ஆட்டம் பாருங்கள், பத்தாவதுக்கு முன் முடிவெடுங்கள். எங்கள் லீக்கில் ஒருவர் சீசன் முடிய மூன்று வாரம் இருக்கையில், ஆசைக்காகப் பத்தாவது ஆட்டம் ஆடவிட்டார். மலிவு ஒப்பந்தத்தில் ஒரு முழு ஆண்டு போயிற்று.

7. பையன்களைச் சுற்றி ஆட்கள் வேண்டும்

எங்கள் லீக்குக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எழுதினார்: "அண்ணா, இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருந்த எல்லாரையும் வித்துட்டேன். அடுத்து என்ன?" அடுத்து, விற்றவர்களைப் போன்ற ஆட்களில் பாதிப் பேரைத் திரும்ப வாங்குவது.

எட்மன்டனுக்கு 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் முதல் பிக். டெய்லர் ஹால், ரயன் நூஜன்ட்-ஹாப்கின்ஸ், நெய்ல் யாகுபோவ். மூவரும் தாக்குதல் வீரர்கள். பின்னால் டிஃபென்ஸும் கோல்கீப்பரும் சரியாக அமையவில்லை. 2006-07 தொடங்கிப் பத்து சீசன் ப்ளேஆஃப் இல்லை. 2015இல் கானர் மெக்டேவிட் வந்தபிறகுதான் திரும்பியது. பஃபலோ 2011-12இலிருந்து 2024-25 வரை 14 சீசன் வெளியே இருந்தது, நடுவில் இரண்டு முறை முதல் பிக் கிடைத்தும்.

ஒரு மூத்த சென்டர், இரண்டு நிதானமான டிஃபென்ஸ்மேன், சராசரி கோல்கீப்பர். ஓராண்டு ஒப்பந்தம் மட்டும் கொடுங்கள். பையன்கள் மேல் கடினமான நிமிடங்கள் விழாது. மார்ச் வந்ததும் அவர்களையே விற்று இன்னொரு பிக்கும் வாங்கலாம்.

8. இரண்டாவது ஒப்பந்தத்தை முந்திக்கொண்டு போடுங்கள்

தொடக்க ஒப்பந்தம் முடிந்ததும் கிடைப்பதுதான் பெரிய பணம். இரண்டு மூன்று ஆண்டுக்கு மலிவாக ஒட்டுப்போட்டால் இன்று மிச்சம்; ஆனால் அந்த 27 வயது, 7 சீசன் எல்லையில் அவர் சந்தைக்குப் போவார், அதுவும் நீங்கள் வெல்லத் தொடங்கும் ஆண்டில்.

மாண்ட்ரியால் நிக் சுசுகிக்கு எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 7.875 மில்லியன் கொடுத்தது. பிறகு கோல் காஃபீல்டுக்கு எட்டு ஆண்டு, 7.85. அதன்பின் யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு எட்டு ஆண்டு, 7.6. முதலில் கையெழுத்திட்டவரின் எண்ணே கூரையாகிவிட்டதைக் கவனியுங்கள். உச்சவரம்பு ஏற ஏற, இந்த எண்கள் ஆண்டுக்காண்டு சிறிதாகத் தெரியும். 2026 செப்டம்பருக்குப் பிறகு அதிகபட்சம் ஏழு ஆண்டுதான் போடலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

9. பிக்கைக் கொடுத்து ஆளை வாங்கும் நாள்

விதை நெல்லைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் களஞ்சியம் நிறையும், சாப்பாடு வராது. எனக்கே இந்தப் பழக்கம் விட ஒரு சீசன் ஆயிற்று. 50 ஒப்பந்த வரம்பை முட்டி, எடுத்த பையன்களையே சும்மா விடவேண்டி வந்தபோதுதான் உறைத்தது.

எப்போது திரும்புவது? முதல் மூன்று நான்கு வீரர்கள் நீண்ட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர்கள் 25 வயதைச் சுற்றி இருக்க வேண்டும். இனி எடுக்கும் பிக் மேலே வரும்போது அவர்கள் முப்பதை நெருங்கிவிடுவார்கள் என்று முதல் படியின் கணக்கு காட்ட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், அந்த பிக் இனி உங்களைவிட அடுத்தவருக்குத்தான் அதிகப் பயன்.

2025 ஜூனில் மாண்ட்ரியாலிடம் 16, 17 என்று அடுத்தடுத்து இரண்டு பிக் இருந்தன. 17 சொந்தப் பிக். 16 கால்கரியுடையது, மூன்று ஆண்டுக்கு முன் மோனஹனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும், கூடவே டொஃபோலிக்கு மாற்றாக வந்த ஹைனமனையும் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து, நோவா டாப்சனை வாங்கினார்கள். வயது 25, வலதுகை டிஃபென்ஸ்மேன், அன்றே எட்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 9.5 மில்லியன்.